இறால்வால் குருவி

லைலாக் மரம் பூத்திருந்த ஒரு காலையில், தேத்தண்ணீர்க் கோப்பையோடு பின்வளவுக் கதவைத் திறந்தபோதுதான் அதைக் கண்டேன். என் பெருவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. பூங்கொத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி, ஊசி மாதிரி நீளமான ஒன்றைப் பூவுக்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. முதுகு பாசி நிறம். வயிறு கறுத்த சிவப்பு. சிறகு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு வேகமாக அடித்தது. காது கொடுத்தால் தையல் மெஷின் தூரத்தில் ஓடுவது போல ஒரு சின்ன இரைச்சல் கேட்டது.

இந்த ஊரில் ஹம்மிங்பேர்ட் என்று ஒரு குருவி உண்டு. அதன் குஞ்சாக்கும் என்று நினைத்தேன். அது திரும்பியபோது வால் தெரிந்தது. இறால் உடைக்கும்போது கடைசியில் விசிறி மாதிரி ஒரு துண்டு கையோடு வருமே, அச்சொட்டாக அதே வால். தலையில் இரண்டு கொம்பு வேறு.

"இஞ்சை ஓடி வந்து பாருங்கோவன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே திரும்பினேன். உள்ளே பிரிட்ஜ்தான் நின்றது. என்னுடைய மனிதர் இரவிச்சந்திரன் கண்ணை மூடி மூன்றாவது வருடம் நடக்கிறது. வாய்க்கு இன்னும் அது தெரியவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் குருவியும் போய்விட்டது. பிரிட்ஜுக்குக் குருவி காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேனே என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

கல்கரியில் இருக்கிற மகள் வித்தியாவுக்குப் போன் அடித்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். கொம்பு வைத்த குருவியொன்று வளவுக்கு வந்தது, இறால் மாதிரி வால் என்று சொன்னேன். இரவு ஒழுங்காக நித்திரை கொண்டீர்களா, பிரஷர் குளிசை போட்டீர்களா என்று கேட்டாள். குருவிக்கும் குளிசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். வீடியோ எடுத்து அனுப்புங்கோ, மீட்டிங் தொடங்கிவிட்டது, பேந்து கதைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். அவளுடைய பேந்து எப்போது வரும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்ல பிள்ளைதான். வேலை அப்படி.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். இன்னொரு ஆள் அதைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று, "ஓம், நானும் கண்டனான்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒரு ஆள் தனியாகக் கண்டதைக் கண்டதென்று யார் ஒத்துக்கொள்வார்கள்? கொஞ்ச நாள் போனால் நானே ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மேல்வீட்டில் ஒரு ஆள் இருக்கத்தான் செய்தாள். ஆனால் அவளோடு எனக்குக் கதை பேச்சு இல்லை.

எங்கள் வீடு இந்தப் பிரெஞ்சு ஊரின் ஓரத்தில், கார்ட்டியர்வில்லில். கீழே நான், மேலே வாடகைக்கு. என் வாய் கொஞ்சம் நீளம். இதை நான் மறைப்பதில்லை. ஷபனேல் தெருத் தையல் தொழிற்சாலையில் மெஷின்களின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய வாய். முன்பு மேலே இருந்த குடும்பம் குப்பைப் பையைப் படியில் வைத்ததற்கு நான் ஏசி, அவர்கள் வீட்டையே விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு முந்திய குடும்பமும் ஏறக்குறைய அப்படித்தான். வித்தியாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். இனி வருகிற ஆளுக்கு நீங்கள் ஒரு சொல் ஏசினாலும் நான் உங்களோடு கதைக்கவே மாட்டேன் என்று சத்தியம் வாங்காத குறை.

அப்படியிருக்கும்போதுதான், போன வருடம் ஜூலையில், பார்கவி வந்தாள். சென்னைப் பிள்ளை, இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும், கம்ப்யூட்டர் வேலை. இரண்டு சூட்கேசோடு வந்து வாசலில் நின்றவளைப் பார்த்ததும் எனக்கு வித்தியா முதல்முதல் வீட்டை விட்டுப் போன நாள் ஞாபகம் வந்தது. நெஞ்சு இளகிவிட்டது. எவ்வளவு கனிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கனிவாகச் சொன்னேன்.

"ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ பிள்ளை. நீங்கள் உங்கடை பாட்டிலை இருங்கோ. நான் பேசமாட்டன்."

அவள் முகம் ஒரு மாதிரிப் போனது. தலையை ஆட்டிவிட்டு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. வெளிப்படியில் கண்டால் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். மேலே அவள் நடக்கிற சத்தம்கூடக் கேட்காது, பூனை மாதிரி. நாள் முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை. தீபாவளிக்கு ஒரு பெட்டியில் இனிப்பு வைத்துக் கதவுக் கைபிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். தட்டிக் கையில் தந்தால் குறைந்தா போய்விடுவாள்? படித்த திமிர், யாழ்ப்பாணத்து ஆட்கள் என்றால் இளக்காரம் என்று முடிவு கட்டினேன். பொங்கலுக்குப் புக்கை பொங்கி, ஒரு கிண்ணம் அவளுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, பிறகு ரோசம் வந்து அதையும் நானே சாப்பிட்டேன்.

பனிக்காலம் முழுவதும் அப்படியே போனது. கீழே ஒரு தமிழ் ஆள், மேலே ஒரு தமிழ் ஆள், நடுவில் ஒரு பலகைத் தளம். டெலிவிஷன் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சமைப்பேன், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. மார்ச் மாதம் அவளிடமிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஜூலை முதலாம் தேதியோடு வீட்டை விடுகிறேன், நன்றி ஆன்ட்டி என்று. நான் ஒரு சொல் ஏசாமலே இந்த முறை ஆள் போகிறது. வித்தியாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

சரி, குருவிக்கு வருகிறேன். அதை வளவில் நிற்க வைக்க வேண்டும் என்று கடையில் சிவப்புப் பூ மாதிரி ஒரு போத்தல் வாங்கி, சீனித் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டேன். எறும்பு வந்தது. குளவி வந்தது. குளவிக்குப் பயந்து நான் இரண்டு நாள் வெளியே போகவில்லை. குருவி அந்தப் பக்கமே பார்க்கவில்லை, லைலாக்குக்குத்தான் வந்தது, அதுவும் வெயில் நன்றாக ஏறியபிறகு. போனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் படத்தில் ஒரு ஊதாப் பூவும் ஒரு அழுக்குப் புள்ளியும் விழும். அந்தப் புள்ளியை வித்தியாவுக்கு அனுப்பினால் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுவாள்.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை. குருவி வந்துவிட்டது. நான் தூணோடு தூணாக நின்று போனைத் தூக்கினேன். மேலே ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தால், மேல்வீட்டிலிருந்து வளவுக்கு இறங்குகிற இரும்புப் படியில், பாதியில், பார்கவி குந்தியிருந்தாள். அவள் கையிலும் போன். அவளும் அதே லைலாக்கைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. கண்டுவிட்டாள், இன்னொரு ஆள் கண்டுவிட்டாள். வாயைத் திறந்தேன். அவள் விரலைத் தூக்கித் தன் உதட்டில் வைத்தாள்.

அவ்வளவுதான். சந்தோசமெல்லாம் கொதிப்பாக மாறியது. ஒரு வருடமாக ஒரு சொல் கதைக்காதவள், என் வளவில், என் லைலாக் மரத்துக்கு முன்னால், என்னைப் பார்த்து வாயை மூடு என்கிறாள். வித்தியாவாவது சத்தியமாவது.

"ஏன் பிள்ளை, என்ரை வளவிலை நான் வாய் திறக்கக்கூடாதோ?"

குருவி பறந்துவிட்டது. அவள் பதறி எழுந்து நின்றாள். "ஐயோ, இல்ல ஆன்ட்டி. அது பறந்துடும்னுதான்... நீங்க பேச மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"ஏன் பேசமாட்டன்? இவ்வளவு நாளும் பொறுத்தனான். இப்ப நல்லாப் பேசத்தான் போறன்."

"பேசுங்க ஆன்ட்டி" என்றாள் அவள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "ப்ளீஸ். என்ன வேணும்னாலும் பேசுங்க."

ஏச்சு வாங்குவதற்கு ஒருத்தி இப்படிக் கெஞ்சி நான் கண்டதில்லை. வாய்க்குள் அடுக்கி வைத்திருந்த சொல்லெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. உனக்கு என்ன பிள்ளை வந்தது என்று கேட்டேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்த அன்றைக்கே வாசலில் வைத்துச் சொல்லிவிட்டீர்களே ஆன்ட்டி என்றாள். எதை என்றேன். நீங்கள் உங்கள் பாட்டில் இருங்கோ, நான் பேசமாட்டேன் என்று. யாரோடும் பேச விரும்பாதவங்க, தொந்தரவு பண்ணக்கூடாது என்று நினைத்து, நடக்கிற சத்தம்கூட வரக்கூடாதென்று வீட்டுக்குள் கம்பளிக் காலுறையோடுதான் நடந்தாளாம்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் நானும் கீழ்ப்படியில் இருந்துவிட்டேன்.

எங்களுக்குக் கதைப்பது என்றால் கதைப்பது. பேசுவது என்றால் ஏசுவது. அம்மா பேசினா, வாத்தியார் பேசினார் என்றால், வாங்கிக் கட்டியாயிற்று என்று அர்த்தம். சென்னைப் படங்களில் ஆட்கள் பேசலாமா பேசலாமா என்று கேட்பதையெல்லாம் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள்தான் நான். அது காதுக்குத் தெரியும். வாய் காதைக் கேட்டுக்கொண்டா கதைக்கிறது? நான் உன்னை ஏசமாட்டேன் பிள்ளை என்றுதான் அன்று சொன்னேன். அவள் காதில், உன்னோடு கதைக்கமாட்டேன் என்று விழுந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகப் போனது. எனக்கும் அப்படித்தான். பனிக்காலத்தில் சில நாட்கள் ஆபீஸ் ஆட்களோடு இங்கிலீஷில் கதைப்பதைத் தவிர ஒரு சொல்லும் வாயிலிருந்து வராமல் கழிந்திருக்கிறது என்றாள். நான் டெலிவிஷனைக் கூட்டி வைக்கும்போது, கீழே ஆட்கள் வந்திருக்கிறார்கள், எவ்வளவு கலகலப்பாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாளாம். வந்தது யார்? நாடகத்தில் வருகிற மாமியாரும் மருமகளும்தான்.

"அப்ப நீ வீட்டை விடுறதும்..." என்று கேட்டேன். நீங்கள் என்பது எப்போது நீ ஆனது என்று தெரியவில்லை.

"ஆமா ஆன்ட்டி. ரொம்ப அமைதியா இருந்துச்சு" என்றாள். "என்னால முடியல."

ஊரின் மற்ற மூலையில், லாசாலில், ஆபீஸ் சிநேகிதிகள் இருவரோடு வீடு எடுத்துக் கையெழுத்தும் வைத்துவிட்டாள். மேல்வீட்டுக்கு நானும் ஒரு பிரெஞ்சுக்காரச் சோடியைப் பிடித்துச் சொல்லும் கொடுத்துவிட்டேன். நிற்கச் சொல்லவும் வழியில்லை, நிற்கவும் வழியில்லை. இன்னும் ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

அந்த ஜூன் மாதத்தை நான் என்னவென்று சொல்வது. வேலைக்கு நடுவில் இடைவேளை கிடைத்தால் இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி வருவாள். காலுறையையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டாள். நான் கீழ்ப்படியில், அவள் இரண்டு படி மேலே, நடுவில் தேத்தண்ணீரும் வடையும். குருவி வந்தால் இருவரும் வாயைப் பொத்திக்கொள்வோம். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

அது குருவியே இல்லை என்று அவள்தான் சொன்னாள். அவள் எடுத்த படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சிறகு கண்ணாடி மாதிரி, ஓரத்தில் மட்டும் செம்பழுப்புக் கரை. பிரெஞ்சில் ஸ்ஃபின்க்ஸ் கொலிப்ரி என்று பெயராம். தமிழில் அந்துப்பூச்சி வகை என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்து என்றால் அரிசி வாளிக்குள் பறக்கிற சாமான். இவ்வளவு வடிவான ஒன்றைப் போய் அந்து என்பதா? நாங்கள் இறால்வால் குருவி என்றே வைத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தோம். வித்தியாவுக்கும் படத்தை அனுப்பினேன். அம்மா சொன்னது உண்மைதான், மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அந்தத் துணிவில் நான் குளிசை போட மறந்தேன்.

இன்னொன்றும் சொன்னாள். சுவரோரம் பற்றையாக நிற்கிற ஹனிசக்கிள் இலையில்தான் அது முட்டையிடுமாம். புழு வளர்ந்து, கீழே இறங்கி, உதிர்ந்து கிடக்கிற இலைக்கடியில் கூடு கட்டி, பனிக்காலம் முழுக்க அசையாமல் கிடக்குமாம். இலையுதிர்காலம் வந்தால் நான் ஒரு இலை விடமாட்டேன். தமிழ்க்கடையில் வாங்கின ஈர்க்கு விளக்குமாறால் பற்றைக்கு அடிவரை கூட்டி, கடதாசிப் பையில் கட்டி, நகரசபை வண்டிக்குக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. முற்றம் கூட்டாத வீட்டில் மனிதர் இருப்பார்களா? பக்கத்து வீட்டு மாக்கிரட் ஒருநாளும் இலை வாரமாட்டாள், அதற்காக அவளை நான் மனதுக்குள் எத்தனையோ தரம் பேசியிருக்கிறேன். இந்தக் குருவி அவளுடைய குப்பைக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

"இந்த வருஷம் அந்தப் பக்கம் கூட்டாதீங்க ஆன்ட்டி. கூட்டினீங்கன்னா நேரா வந்து பேசுவேன்" என்றாள் பார்கவி. "நம்ம பேச்சு இல்ல. உங்க ஊர்ப் பேச்சு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கு ஏசத் தெரியாது. ஏசிக் காட்டு பார்ப்போம் என்றேன். விரலை நீட்டிக்கொண்டு, "ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்றீங்க" என்றாள். அதைக் கேட்டால் பூச்சிகூடப் பயப்படாது. ஏச்சுக்கு இடுப்பில் கை வைக்க வேண்டும் என்று பழக்கிக் கொடுத்தேன்.

ஜூலை முதலாம் தேதி தெரு முழுக்கக் கட்டிலும் மெத்தையுமாக இருந்தது. இந்த ஊரே அன்றைக்கு வீடு மாறும். பார்கவியின் சிநேகிதிகள் ஒரு வானோடு வந்தார்கள். வந்தபோது இரண்டு சூட்கேஸ், போகும்போது வான் நிறையச் சாமான். கடைசியாக என்னைக் கட்டிப்பிடித்து, "அடிக்கடி கதைக்கிறேன் ஆன்ட்டி" என்றாள். எங்கள் சொல்லை அவள் வாயால் கேட்க, கடையில் வாங்கிய உடுப்பு மாதிரி அளவில்லாமல் இருந்தது. ஆனால் எனக்காகத்தானே போட்டாள். வான் திரும்பும் வரை கை காட்டிவிட்டு உள்ளே வந்து, மேலே சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

முதலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் எடுத்தாள். பிறகு ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை. பிறகு செய்தி மட்டும். ஜூலை நடுவில், பரட்டைத்தலை மாதிரிச் சிவப்பாகப் பூக்கிற மொனார்ட் செடி பூத்தபோது குருவி திரும்ப வந்தது. நான் ஓடிப்போய்ப் படம் பிடித்து, புள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை என்று அனுப்பினேன். ஒரு இதயமும் "சூப்பர் ஆன்ட்டி"யும் வந்தது. அடுத்த முறை கட்டைவிரல் மட்டும் வந்தது. கட்டைவிரலோடு ஒரு மனிசி என்னத்தைக் கதைப்பது? அவளில் பிழை இல்லை. இளம் பிள்ளை, வேலை, சிநேகிதிகள். லாசாலிலிருந்து இங்கே வருவதென்றால் மெட்ரோவின் பச்சைக் கோட்டில் ஒரு அந்தத்தில் ஏறி, செம்மஞ்சள் கோட்டுக்கு மாறி, அதன் மற்ற அந்தத்தில் இறங்கி, பிறகு பஸ்ஸும் எடுக்க வேண்டும். நான் கோபப்பட்டேன் என்று சொல்லமாட்டேன். கவலைப்பட்டேன். எனக்குக் கவலையும் கோபமும் ஒரே வாசலால்தான் வரும்.

முந்திய பனிக்காலத்தைவிட இந்தத் தனிமை பொல்லாதது. அப்போது மேலே இருப்பவள் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம் எப்படியிருக்கும் என்று தெரிந்துவிட்டது. தேத்தண்ணீர் போடும்போது கை தானாக இரண்டு கோப்பை எடுக்கிறது. இரவிச்சந்திரனுக்காக எடுக்கிறதா, பார்கவிக்காக எடுக்கிறதா என்று கையைக் கேட்டால் சொல்லுமா?

ஒக்டோபரில் இலை கொட்டத் தொடங்கியது. மாப்பிள் இலை, லைலாக் இலை, பற்றையின் இலை எல்லாம் சேர்ந்து சுவரோரம் முழங்கால் அளவுக்கு ஏறிவிட்டது. நான் முன்பக்கத்தை மட்டும் கூட்டினேன். பின்பக்கம் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். மேல்வீட்டுப் புதுச் சோடியில் ஆம்பிளை மைக்கல், நல்ல மனிதன், பொன்ஜூர் மெர்சிக்கு மேல் எங்களுக்குள் பாஷை இல்லை. வயது போன மனிசி கஷ்டப்படுகிறாள் என்று நினைத்து ஒருநாள் இலை வாருகிற றேக்கைத் தூக்கிக்கொண்டு பற்றைப் பக்கம் போனான். நான் நொன், நொன் என்று கத்திக்கொண்டு ஓடினேன். அங்கே பெபே, குழந்தை, நித்திரை கொள்கிறது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவன் குப்பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், றேக்கைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக மேலே ஏறிப் போய்விட்டான்.

இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. பார்கவிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. பிறகு கட்டைவிரலைக்கூடக் காணவில்லை.

கடைசியாக இலைப்பை எடுக்கிற வண்டி வருவதற்கு முந்திய சனிக்கிழமை, ஈர்க்கு விளக்குமாறை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கூட்டினால் நேராக வந்து பேசுவேன் என்று சொல்லியிருக்கிறாள். கூட்டாமல் விட்டால் அவள் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. நல்ல பிள்ளையாக இருப்பவளை யார் வந்து பார்க்கிறார்கள்?

விளக்குமாறை இலையில் வைத்தேன். மேல் இலை காய்ந்து சரசரத்தது. அடியில் ஈரம். அதற்கும் அடியில் எங்கேயோ ஒன்று, காலும் இல்லாமல் சிறகும் இல்லாமல், சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கிறது. தனியாகத்தான் கிடக்கும். கூடு என்றால் ஒரு ஆளுக்கு மட்டும் அளவான கூடு. இனிப் பனி விழும், எல்லாம் மூடும், அது பாட்டில் கிடக்கும், அதற்குப் பேசவும் தெரியாது, கதைக்கவும் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. அந்த மூலையில் நின்று, மைக்கல் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதேன்.

பிறகு விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு, போனை எடுத்து அடித்தேன். இந்த முறை எடுத்தாள். பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளை, நான் கூட்டிப்போட்டன்" என்றேன்.

"எத ஆன்ட்டி?"

"எல்லாத்தையும். பற்றைக்குக் கீழையும் விடேல்லை. பையிலை கட்டி வைச்சிட்டன்."

மறுபக்கத்தில் சிரிப்புச் சத்தம் தூரப்போனது. அவள் எழுந்து வேறு அறைக்குப் போகிறாள் என்று விளங்கியது. கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது. சரி பரவாயில்லை விடுங்க என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"ஆன்ட்டி" என்றாள். "அந்தப் பைய யார்கிட்டயும் குடுக்காதீங்க. நீங்களும் தொடாதீங்க. நான் இப்பவே கிளம்புறேன்."

"இவ்வளவு தூரம் வந்து என்ன செய்யப்போறாய்?"

"வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் உள்ளே போய் உழுந்தை ஊறப் போட்டேன். இரண்டு மெட்ரோவும் ஒரு பஸ்ஸும் பிடித்து வர நேரமெடுக்கும், அதற்குள் வடைக்கு அரைத்துவிடலாம். வந்து பார்த்தால் பை இருக்காது. இலை போட்டது போட்டபடி கிடக்கும். பொய் சொன்னதற்கும் சேர்த்து, இடுப்பில் கை வைத்து, நான் பழக்கியது போலப் பேசட்டும். இரண்டு கோப்பையைக் கழுவி வைத்தேன். பேசிக்கிறேன் என்றாளே, அது எந்த ஊர்ப் பேச்சு என்று நான் கேட்கவில்லை.